டபுள் பூட்டு வக்கீல்

வாழைப்பழம் வாங்குவதற்கே சாட்சி விசாரணை நடத்திய மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடையில், "நேத்து வந்த தாருங்க" என்று கடைக்காரர் சொல்லி வாயை மூடுவதற்குள், "நேத்து வந்தத பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார். "நான்தாங்க லாரிலேர்ந்து எறக்கினேன்" என்று அந்த மனிதர் சத்தியம் செய்த பிறகும், சீப்பைத் திருப்பிக் காம்பைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வாங்காமல் போன நாட்களும் உண்டு.

எதையும் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது அவர் வழக்கம். ஒரு காகிதத்தை நீட்டினால் முதலில் அதைத் திருப்பி வெற்றுப் பக்கத்தைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். குண்டூசி குத்திய ஓட்டைகளை எண்ணுவார். கடைசியில்தான் எழுத்துக்கு வருவார். அதற்குள் எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்கு, செய்யாத தப்பையெல்லாம் செய்துவிட்டது போல வியர்த்துவிடும். செய்த தப்பும் ஒன்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் 'டபுள் பூட்டு'. அவர் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்கு அதன் சொந்தப் பூட்டு போதாதென்று, பற்றவைத்த கொண்டியில் ஒரு திண்டுக்கல் பூட்டும் தொங்கும். இரண்டையும் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தரம் இழுப்பார். அவரிடம் குமாஸ்தா கிடையாது, டைப் அடிக்க ஆள் கிடையாது. எல்லாவற்றையும் தானே டைப் அடிப்பார். அடித்து முடித்ததும் கார்பன் தாளை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். யாராவது "வெளில மழைங்க" என்றால் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பார். கட்சிக்காரர் வாங்கிக்கொடுக்கும் டீயைத் தொடமாட்டார்.

மற்ற வக்கீல்களின் பலகைகளில் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்கும். அவர் பலகையில் ஒரு பட்டமும் இல்லை. பெயருக்குக் கீழே 'வழக்கறிஞர், வியாபார வழக்குகள் மட்டும்' என்று எழுதியிருந்தது. வரப்புத் தகராறு, வெட்டுக்குத்து, புருஷன் பெண்டாட்டி விவகாரம், இந்த மூன்றையும் விட்டால் எங்கள் ஊரில் கோர்ட்டுக்கு வேறென்ன வேலை? அந்த மூன்றையும் அவர் எதிர் அறைக்கு அனுப்பிவிடுவார். மில், லாரி, மலைக் கடுக்காய்க் குத்தகை, கூட்டாளிச் சண்டை என்று வந்தால்தான் நாற்காலியைக் காட்டுவார்.

எங்கிருந்து வந்தார், எங்கே தொழில் படித்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லாததை ஊர் சொல்லிக்கொண்டது. சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரிகளுக்குக் கையாளாக இருந்தவர் என்றார் ஒருவர். அவர் வக்கீலே இல்லை என்று சத்தியம் செய்தார் இன்னொருவர். ஆனால் அதிகம் புழங்கிய கதை மெட்ராஸ் கதைதான். அங்கே பெரிய கம்பெனி வழக்குகள் நடத்தும் ஆபீஸில் இருந்தாராம். கட்சிக்காரர் கொடுத்த காகிதம் ஒன்றை மறைத்துவிட்டாராம். அதனால் வெளியே போகச் சொல்லிவிட்டார்களாம். எல்லாம் 'இருந்தாராம்', 'சொன்னாராம்'தான். இதை யாரும் பார்க்கவில்லை, கேட்டவர்கள்தான். அவரிடம் வழக்கோடு போகும்போது நானும் கேட்டவள்தான்.

என் வீட்டுக்காரருக்கு வடக்கனந்தல் போகும் வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பாதிப் பங்கு இருந்தது. மறுபாதி அவருடைய கூட்டாளிக்கு. சரக்கை விற்பது கூட்டாளி வேலை, கிழங்கு வாங்குவது இவர் வேலை. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் வரும் மரவள்ளிக் கிழங்கில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீருக்குள் வைத்து எடை போட்டு, மாவு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். பாயிண்ட்டை வைத்துத்தான் விலை. அந்தத் தராசில் என் வீட்டுக்காரர் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார். தானே போட்டு, தானே சீட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார்.

ஒரு நாள் தராசுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கூட்டாளி இரண்டு வருஷம் நல்லவராக இருந்தார். அதற்குப் பிறகு ஒரு பத்திரத்தைக் காட்டினார். என் வீட்டுக்காரர் சாவதற்கு ஒரு வருஷம் முன்பே ஆலையிலிருந்து விலகிவிட்டதாக அதில் இருந்தது. அடியில் இருந்த கையெழுத்து அவருடையது போலத்தான் இருந்தது. அந்தப் பாதி ஆலை போய்விட்டால் நானும் என் இரண்டு பெண்களும் கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். பெரியவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே அந்த வக்கீல் என்னை அழவைத்துவிட்டார்.

"உங்க வூட்டுக்காரரு வெலகலன்னு எப்படி சொல்றீங்க?"

"என்கிட்ட சொல்லாம அவரு ஒண்ணும் செய்யமாட்டாருங்க."

"அப்ப பாக்கல. நம்புறீங்க." எதையோ பென்சிலால் எழுதினார். "உங்ககிட்ட சொல்லாம அவரு எதையுமே செஞ்சது இல்லியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவரைப் பற்றி இப்படியா கேட்பது? ஆனால் அவர் விடவில்லை. ஆலையில் அவருக்கு என்ன வேலை, சீட்டு எழுதுவது யார் என்று கேட்டுக்கொண்டே போனார். "அவரேதாங்க எழுதுவாரு. யாரையும் நம்பமாட்டாரு" என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. என் மேல் இல்லை, என் வீட்டுக்காரர் மேல்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். அவர் கேட்ட கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. என்னிடம் சொல்லாமல் என் வீட்டுக்காரர் தன் தங்கைக்கு ஒரு தோடு வாங்கிக் கொடுத்திருந்தார். அது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியானால் இதுவும்?

என் தம்பிக்கு அந்த மாதிரி சந்தேகமெல்லாம் கிடையாது. அவன் காரியக்காரன். ஒரு நாள் ஆலையின் பெயர் அச்சடித்த வெறும் தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். வாட்ச்மேனைப் பிடித்து ஆலையின் ரப்பர் முத்திரையையும் அதில் குத்தி வாங்கியிருந்தான். கூட்டாளி என் வீட்டுக்காரருக்கு எழுதியது போல ஒரு கடிதம் அந்தத் தாளில் தயாரானது. 'நம்ம ஆலைக்கு இந்த வருஷம் நீங்களும் நானும் புது மிஷின் போடலாம்' என்று அதில் இருந்தது. விலகியதாகச் சொன்ன நாளுக்கு நாலு மாதம் பின்னால் தேதி போட்டான். கூட்டாளியின் கையெழுத்தைக் கண்ணாடியில் வைத்து வரைந்தான்.

"இது தப்பில்லியாடா?" என்றேன்.

"அவன் மட்டும் யோக்கியமாக்கா? பொய்ப் பத்திரத்துக்குப் பொய் லெட்டரு. கணக்கு சரியாப் போச்சு. நீ வாயத் தொறக்காம எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டு போனேன். பெண்களுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெராக்ஸ் ஒன்று எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத்தான் போனேன். அவ்வளவு விவரம்.

வக்கீல் கடிதத்தை வாங்கினார். திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லெட்டர் வூட்டுக்கு வந்தப்ப பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"பாத்தேங்க."

"கவரு?"

"தூக்கிப் போட்டாச்சுங்க."

"உங்க வூட்டுக்காரரு உயிரோட இருக்கறப்பவே வந்துச்சு?"

"ஆமாங்க. அவருதான் படிச்சிக் காட்டினாரு."

மூன்று பொய். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை ஒரு உறையில் போட்டார். மற்றக் காகிதங்களை மேஜையில் விட்டுவிட்டு அந்த உறையை மட்டும் பீரோவில் வைத்து இரண்டு பூட்டையும் பூட்டினார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் திரும்பினேன். நம்முடைய பெரிய ஆயுதம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி முகம் சிவக்க வந்தான். ஏதோ வேலையாக வெள்ளிமலைக்குப் போயிருக்கிறான். "உன் வக்கீலு இன்னா பண்றாரு தெரியுமா? அவனோட கிழங்கு ஷெட்டுக்குப் பக்கத்துல கட்டில்ல குந்திக்கினு டீ குடிச்சிக்கினு கீறாரு!"

அவன் என்றால் கூட்டாளி. மலையில் கிழங்கு வாங்க அங்கே ஷெட் போட்டிருந்தார். எனக்கு ஷெட்டைவிட டீதான் உறுத்தியது. என் காசில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர் அங்கே டீ குடிக்கிறாரா? அப்படியென்றால் அவ்வளவு நெருக்கமா?

அடுத்த வாய்தாவில் கோர்ட்டில் தாக்கல் செய்த ஆவணங்களின் பட்டியலைத் தம்பி வாங்கிப் படித்தான். கடிதம் அதில் இல்லை. அதன் இடத்தில் 'கிழங்குச் சீட்டுகள், பதினேழு' என்று இருந்தது. கை துடைக்கிற துண்டுச் சீட்டை வைத்து ஆலையை மீட்கப் போகிறாராம்! அவர் அறைக்குப் போய், லெட்டரை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். இந்தச் சீட்டு போதும்."

சொல்லிவிட்டு டைப் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மெட்ராஸ் கதை அப்போது எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. காகிதத்தை மறைக்கிறவர், எதிராளியிடம் டீ குடிக்கிறவர். இன்னும் என்ன வேண்டும்? வேறு வக்கீலைப் பிடித்தோம். வக்காலத்தை மாற்ற ஆட்சேபனை இல்லை என்று இவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கோர்ட் வராந்தாவில் வைத்துக் கேட்டோம். கேஸ் கட்டை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஒவ்வொரு காகிதத்துக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கடிதம் மட்டும் அந்தக் கட்டுக்குள் இல்லை.

"லெட்டரு எங்க?"

"அது இல்லீங்க."

"தொலைச்சிட்டீங்களா, வித்துட்டீங்களா?"

ஜனம் கூடிவிட்டது. பழக்கடைக்காரர்கூடக் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். வக்கீல் பேனாவைத் திறந்துகொண்டு, ஆட்சேபனை இல்லை என்ற தாளைக் கையில் எடுத்தார். அந்த அலட்சியம் எனக்கு இன்னும் வெறியேற்றியது. "மெட்ராஸ்ல செஞ்சதையே இங்கயும் செய்றீங்களா?" என்று கத்தினேன்.

அவருடைய பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். அந்த நிலையிலும் பின்பக்கத்தைப் பார்த்த அந்தக் கண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

அதற்கப்புறம் அவர் அறைக்கு வியாபாரிகள் வருவது குறைந்துபோனது. நான் கத்தியது கச்சிராயபாளையம் வரை போய்ச் சேர்ந்திருந்தது. நேரில் கேட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இருநூறு பேர்.

புது வக்கீல் ஜெராக்ஸைத் தொடவில்லை. "ஒரிஜினல் இல்லாம இது செல்லாதும்மா. இருக்கற சீட்டை வச்சு ஓட்டுவோம்" என்றார். சீட்டுகளைக் கொடுத்த மலைக்காரர் ஒருவர் சாட்சிப் பட்டியலில் இருந்தார். பழைய வக்கீல் போட்ட பட்டியல். வெள்ளிமலைப் பக்கம் கிழங்கு பயிர் செய்கிறவர். அவர் கூண்டில் ஏறிய நாளில் நானும் கோர்ட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பதினேழு சீட்டுகள். எல்லாம் அவர் விலகியதாகச் சொன்ன நாளுக்குப் பிறகு எழுதியவை. ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் கம்பி குத்திய துருப்பிடித்த ஓட்டை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இத்தினி வருஷமா இந்தக் குப்பைய எதுக்கு வச்சிருந்த? அந்தம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

மலைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது சாமி. அவங்க வூட்டுக்காரரு எனக்குப் பாயிண்ட கம்மியா போட்டுட்டாருன்னு சந்தேகம். என்னிக்காவது கேக்கணும்னு கம்பில குத்தி வச்சிருந்தேன். ஆளு செத்துட்டாரு. யார கேக்கறது?"

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரை நம்பாத ஒரு மனிதரால் என் வழக்கு நிமிர்ந்து நின்றது. அவருக்காகப் பொய் சொல்ல இந்த மனிதருக்கு என்ன தேவை? விலகிய ஆள் தராசில் உட்கார்ந்து ஆலைக்காகச் சீட்டு எழுதுவானா? தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

வெளியே வந்ததும் மலைக்காரரிடம் கேட்டேன். "டபுள் பூட்டு வக்கீலு உங்க கிட்ட வந்தாரா?"

"மூணு தரம் வந்தாரும்மா. ஷெட்டாண்ட எங்க வூட்டு வாசல்லதான் குந்தினாரு. டீ குடுத்தேன். மொதல்ல என்னிய ஒரு வாய் குடிக்க சொல்லிட்டு அப்புறம்தான் குடிச்சாரு."

கூட்டாளி அப்பீல் போகவில்லை. அதற்கான கெடு முடிந்த மறுநாள் பழைய வக்கீலின் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், லெட்டர் இல்லாமலேயே ஜெயித்தோம் என்று சொல்லிக் காட்டவும் கொஞ்சம் ஆசை இருந்தது. அறையில் வேறு கட்சிக்காரர் யாரும் இல்லை. மேஜையில் தூசு.

"கெடு முடிஞ்சிடுச்சா? பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"கோர்ட்டுல போயி பாத்துட்டுதாங்க வரேன்."

எழுந்து போய் இரண்டு பூட்டையும் திறந்தார். அதே உறை. கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆலையின் முத்திரையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. "படிங்க" என்றார்.

ஆலையின் பெயர், வடக்கனந்தல் வழி, விழுப்புரம் மாவட்டம்.

இன்னொரு தரம் படித்தேன். நாங்கள் பிறந்தது தென்னாற்காடு மாவட்டத்தில். என் வீட்டுக்காரர் செத்ததும் தென்னாற்காடு மாவட்டத்தில்தான். அதற்கப்புறம்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள், அதற்கப்புறம்தான் ஆலையில் புது முத்திரை செய்தார்கள். செத்துப்போன மனிதருக்கு, அவர் உயிரோடு இருந்தபோது இல்லாத மாவட்டத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதை அவர் எனக்குப் படித்தும் காட்டியிருக்கிறார்! கோர்ட்டில் இதை நீட்டியிருந்தால் பதினேழு சீட்டையும் சேர்த்துப் பொய் என்றிருப்பார்கள். நானும் தம்பியும் கம்பி எண்ணியிருப்போம். என் பெண்கள் கரும்பு வெட்டியிருப்பார்கள்.

"அன்னிக்கே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல? நான் அத்தினி பேரு முன்னாடி உங்கள..."

"சொன்னா நீங்க ஒத்துக்குவீங்க. உங்க வாயாலயே பொய்யின்னு கேட்டப்புறம் உங்கள கூண்டுல ஏத்த என்னால முடியாது. திருப்பிக் குடுத்தா வேற வக்கீல் மூலமா தாக்கல் பண்ணிடுவீங்க." திறந்து வைத்த பூட்டைக் கையில் எடுத்தார். "மெட்ராஸ்ல நான் காகிதத்த மறைக்கலீங்க. கட்சிக்காரர நம்பித் தாக்கல் பண்ணேன். அது பொய்க் காகிதம். அவரு ஜெயிலுக்குப் போனாரு."

அவர் தன் பழைய தொழிலைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். ஆனால் மற்ற எல்லோரும் சொன்ன கதையைவிட இதை நம்ப எனக்குக் காரணம் இருந்தது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "இவ்ளோ செஞ்சீங்களே, என் வூட்டுக்காரரு வெலகலன்னு நீங்களாவது நம்பினீங்களா?"

"இல்லீங்க" என்றார், நாள் கேட்டால் கிழமை சொல்வது போல. "நம்பல. அதனாலதான் மலைக்குப் போனேன்."

கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "கிழிங்க. நான் பாக்கணும்." கிழித்தேன். "இன்னும் சின்னதா" என்றார். கிழித்தேன். துண்டுகளையெல்லாம் கூட்டி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து வாசல் வரை வந்த என்னை அவர் குரல் நிறுத்தியது.

"ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றேன். எனக்கே தெரியாமல் வாய் சொல்லிவிட்டது.

காலி உறையை உள்ளே வைத்தார். பிறகு பீரோவைப் பூட்டி இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"நாளைக்குக் காலைல அதையும் எடுத்துனு வாங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன்.